துடுப்பு எட்டும் தூரம்

மலைநாட்டு வீடுகளுக்குக் கடல் மூன்று உருவங்களில் வந்து சேருகிறது: கருவாடு, மாசி, தகரப் பேணியில் அடைத்த மீன். குண்டசாலையில் குடியிருக்கும் எமக்கும் இம்மூன்றுமே நெடுநாட் பழக்கம். பச்சை மீன் கிடைப்பதேயில்லை என்று சொல்லமாட்டோம். திருகோணமலையிலிருந்தும் நீர்கொழும்பிலிருந்தும் பனிக்கட்டிக்குள் புதைந்து வந்து கண்டிச் சந்தையிற் பரப்பப்படும் மீன்கள் உண்டு. ஆயினும் அவற்றின் கண்களைப் பார்த்த மாத்திரத்தே வந்த தூரம் தெரிந்துவிடும். ஆதலின், "சேர், கடலுக்குப் போய் நாமே தூண்டில் போட்டுப் பிடித்தால் என்ன?" என்று நண்பர் ஒருநாள் கேட்டபோது, இந்த வயதில் இது என்ன விளையாட்டு என்று தோன்றினாலும், நாக்கு மனத்தை முந்திக்கொண்டு சம்மதம் கொடுத்துவிட்டது.

நண்பர் கண்டியில் வங்கி உத்தியோகத்தர். எம்மிலும் வயதில் இளையவர். தோட்டத்து லயத்திற் பிறந்து, படித்து முன்னுக்கு வந்தவர். அவரிடம் ஒரு கயாக் இருக்கிறது. கயாக் இன்னதென்று அறியாத மாணவர்களுக்காகச் சில வார்த்தை சொல்லவேண்டும். வட துருவத்தை அடுத்த பனிக் கடலோரங்களில் வாழும் இனுயிட் மக்கள், மரத்தாலும் எலும்பாலும் சட்டம் கட்டி, அதன்மேல் சீல் என்னும் கடல் விலங்கின் தோலை இழுத்துத் தைத்து, ஓசையின்றி வேட்டைக்குச் செல்வதற்கென ஆக்கிக்கொண்ட ஒடுங்கிய சிறு படகு அது. துடுப்பு ஒன்றே, அதன் இரு முனையிலும் அகன்ற அலகு. இடமும் வலமும் மாறி மாறி வலித்துச் செல்லவேண்டும். இக்காலத்திலோ பிளாஸ்டிக்கில் வார்த்தெடுக்கிறார்கள். உள்ளே இறங்கி உட்காருவதற்குப் பதிலாக மேலேயே உட்காரும்படி அமைத்து, தூண்டிற் கோலை நிறுத்தத் துளையும் வைத்துவிடுகிறார்கள். நண்பருடையது இருவர் அமரக்கூடியது. 13 அடி நீளம். ஞாயிறு காலைகளில் அவர் அதை மகாவலியின் அமைதியான பகுதிகளில் இறக்கித் திலாப்பியா பிடிப்பது வழக்கம். ஆற்றங்கரையில் மாளிகை அமைத்து வாழ்ந்தமையால் 'குண்டசாலை ராஜா' என்று பெயர் பெற்ற வீர நரேந்திரசிங்கன்கூட இத்தகைய உல்லாசத்தை அநுபவித்திருக்க மாட்டான் என்று நாம் அவரைக் கேலி செய்ததுண்டு.

உண்மையில் அக்கயாக்கைப் பார்த்த முதல் நாளே, அது நம் கட்டுமரத்தின் தூரத்து உறவு என்று எமக்குப் பட்டது. கட்டுமரத்துக்கும் உள்ளறை கிடையாது. அலை மேலேறி வழிந்துபோகும், கவிழ்ந்தாலும் மூழ்காது. கட்டிய மரம் என்னும் நம்முடைய சொல்லை ஆங்கிலேயர் எடுத்துச் சென்று, இன்று இரட்டை உடல் கொண்ட படகுகளுக்கெல்லாம் அப்பெயரைச் சூட்டிவிட்டார்கள். நம் கட்டுமரத்துக்கோ ஒரே உடல்தான். போன இடத்திற் சொல்லுக்குப் பொருள் மாறிவிட்டது, போகட்டும்.

எந்தக் கடலுக்குப் போவது என்ற கேள்வி எழுந்தது. கண்டியிலிருந்து திருகோணமலை கிட்ட. பாதையும் நல்ல பாதை. அங்குள்ள புறாமலைத் தீவு 2003 முதல் தேசியப் பூங்காவாகையால் அதனருகே தூண்டில் போடலாகாது என்றாலும், வேறு துறைகள் பல உண்டு. நாம் அதையே சொன்னோம். நண்பர் தலையை அசைத்தார். மன்னார்த் தீவுக்குத்தான் போகவேண்டுமாம். "எங்கள் பாட்டனாரின் பாட்டனார் இறங்கிய கரை, சேர். எங்கள் வீட்டில் ஒருவரும் திரும்பிப் போய்ப் பார்த்ததில்லை" என்றார். அதற்குமேல் வாதிட என்ன இருக்கிறது?

2024 ஏப்ரலில், சித்திரைப் புத்தாண்டுக் கொண்டாட்டங்கள் ஓய்ந்த ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலையிற் புறப்பட்டோம். அப்பருவத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. மார்கழி, தையில் வாடைக்காற்று மன்னாரின் வடகரையைக் கலக்கும். வைகாசி பிறந்து சில நாளில் சோளகம் எழுந்து தென்கரையைக் கலக்கும். இரண்டுக்கும் இடையிலுள்ள பங்குனி, சித்திரையில் கடல் சோர்ந்து கிடக்கும். என்ஜின் இல்லாத படகுக்கு அதுவே ஏற்ற காலம். வெள்ளிக்கிழமையில் எம் வீட்டில் மீன் புகாது. பிரயாணத்துக்கு வெள்ளி, தூண்டிலுக்குச் சனி என்று பஞ்சாங்கமும் எமக்கு இசைந்துகொடுத்தது.

மோட்டார் வண்டியின் கூரைமேல் கயாக்கைக் கவிழ்த்து வைத்து, முன்னும் பின்னும் கயிற்றால் வரிந்து கட்டியிருந்தார் நண்பர். பார்ப்பதற்கு வண்டி ஒரு பெரிய மஞ்சள் மீனைச் சுமந்து செல்வது போலிருந்தது. பொல்கொல்லை அணையை அடைந்தபோது கிழக்கு வெளுக்கத் தொடங்கியது. 1976 இல் இயங்கத் தொடங்கிய இவ்வணை மகாவலியின் நீரில் ஒரு பகுதியை மறித்து, ஏறத்தாழ 8 கிலோமீற்றர் சுரங்கத்தின் வழியே மலையைத் துளைத்து, உக்குவளையில் மின்சாரம் எடுத்தபின் வடக்கே வறண்ட நாட்டுக் குளங்களுக்கு அனுப்புகிறது. மிச்ச நீரோ குண்டசாலையை வளைத்துக்கொண்டு, ஆற்றின் மொத்த நீளமான 335 கிலோமீற்றரில் எஞ்சியதைக் கடந்து, கொட்டியாரக் குடாவிற் கலக்கிறது. ஆகவே எம் ஊர்த் தண்ணீரிற் பாதி எமக்கு முன்னரே வடக்கு நோக்கிப் புறப்பட்டுவிட்டது என்று சொல்லவேண்டும்.

மாத்தளையில் முத்துமாரியம்மன் கோயிலின் முன் வண்டியை நிறுத்தி வணங்கினோம். இக்கோயிலைப் பற்றி எழுதும்போது அதன் தேரைப் பற்றியும் கோபுரத்தைப் பற்றியும் எழுதுவதே வழக்கம். எமக்கு அன்று தோன்றியது வேறு. மன்னாரில் இறங்கி, காடு கடந்து, கால் நடையாக வந்த தோட்டத் தொழிலாளர்க்கு மாத்தளையே மலைநாட்டின் வாசல். உயிரோடு இங்கே வந்து சேர்ந்தவர்கள் தாம் வந்து சேர்ந்ததற்காக ஒரு தெய்வத்தைக் கும்பிட வேண்டியிருந்தது.

அந்த நடையின் கதை நம் மாணவர்களுக்குப் பாடப்புத்தகத்தில் இரண்டு வரியாக வருகிறது. கம்பளைக்கருகே சிங்ஹாபிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் என்பவர் கோப்பித் தோட்டம் தொடங்கிய 1823 ஆம் ஆண்டை மலையகத் தமிழரின் வரவுக்குத் தொடக்கமாகக் கொள்வர். 1840 களில் கோப்பி பெருகியபோது மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி, திருச்சி, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து ஆயிரக்கணக்கானோர் வந்தனர். இராமேசுவரத்தை அடுத்த கரைகளிலிருந்து தோணியேறி மன்னார்ப் பக்கம் இறங்குவார்கள். அங்கிருந்து மாத்தளைவரை ஏறத்தாழ 150 மைல். நீரில்லாக் காடு, பேதி, காய்ச்சல், பசி. முன்னே கங்காணி, பின்னே தலையில் மூட்டையும் இடுப்பிற் குழந்தையுமாகக் கூட்டம். நடக்க முடியாதவர்கள் வழியில் விடப்பட்டார்கள். எத்தனை பேர் என்பதற்கு ஆய்வாளர்கள் வெவ்வேறு கணக்குச் சொல்கிறார்கள். அந்தத் தர்க்கத்துக்குள் நாம் புகவில்லை. 1914 இல் தலைமன்னாருக்கு இருப்புப் பாதை வந்தபிறகே அந்த நடை முற்றாக ஓய்ந்தது.

2023 இல், இருநூறு ஆண்டு நிறைவை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை பலர் நடந்தார்கள். ஜூலை இறுதியிற் புறப்பட்டவர்கள் ஆகஸ்டு நடுவில் வந்து சேர்ந்தார்கள். வழியெங்கும் உணவும் நீரும் நிழலும் வரவேற்பும் இருந்தும் அவ்வளவு நாள் ஆயிற்று. நண்பர் அந்த நடையில் இரண்டு நாள் கலந்துகொண்டவர். "இரண்டாம் நாள் மாலையில் காலணியைக் கழற்றியபோதுதான் சேர், பாட்டனாரின் பாட்டனாரை முதன்முறை நினைத்தேன்" என்றார். அதன்பிறகு நாலந்தை தாண்டும்வரை வண்டியில் ஒருவரும் பேசவில்லை.

தம்புள்ளை, கெக்கிராவை, மிகிந்தலை என்று பாதை தாழத் தாழ, காற்றில் ஈரம் வற்றிக்கொண்டே வந்தது. மதவாச்சியில் மேற்கே திரும்பினோம். ஒரு சந்தியில் பொலிஸ்காரர் ஒருவர் வண்டியை மறித்துக் கூரையைச் சுட்டி, இது என்ன என்று சிங்களத்தில் வினவினார். படகு என்றோம். ஆள் எங்கே ஏறுவது என்றார். மேலே என்றோம். அவர் கயாக்கைச் சுற்றி ஒருமுறை நடந்து, ஒரு தட்டுத் தட்டி, அது உள்ளீடற்ற ஓசை தந்தபின் சிரித்துக்கொண்டே போகச் சொன்னார். வழிநெடுக எம்மை இருவர் நிறுத்தினார்கள். இருவருக்கும் அதே சந்தேகம், அதே தட்டு.

செட்டிகுளம், முருங்கன் கடந்து கட்டுக்கரைக் குளத்தின் வயல்களைப் பார்த்துக்கொண்டே சென்று, திருக்கேதீச்சரத்திற் பாலாவியிற் கால் நனைத்து வழிபட்டோம். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய அத்தலத்தைப் பற்றி இப்பகுதியில் முன்னரும் எழுதியிருக்கிறோம். பிறகு தாம்போதி. இருபுறமும் ஆழமற்ற நீர்ப்பரப்பு. நடுவே ஏறத்தாழ 3 கிலோமீற்றர் நீளக் கல்லணை. அதன் இறுதியில் 2010 இல் திறக்கப்பட்ட பாலம். போர்க்காலத்திற் பழைய பாலங்கள் தகர்ந்து, தீவு தனித்துக் கிடந்த ஆண்டுகளை இப்போது அவ்வழியே செல்லும் இளைஞர்கள் அறியார்கள். தீவுக்குள் நுழைந்ததும் கழுதைகள் தெருவின் நடுவே நின்று எம்மை வரவேற்றன. அராபிய வணிகர் கொண்டுவந்தன என்பது ஊர்ப் பேச்சு. பள்ளிமுனையில் அவர்களே நட்டதாகக் கூறப்படும் பெருக்கமரத்தையும் பார்த்துவிட்டு வந்தோம். அதன் அடிமரம் 19 மீற்றருக்கு மேற்பட்ட சுற்றளவு. மரம் என்று சொல்வதைவிட மரத்தாலான ஒரு வீடு என்பது பொருந்தும்.

பேசாலைக்கும் தலைமன்னாருக்கும் இடையில், வடகரையில் ஒரு சிறு துறையில் எமக்கு ஏற்பாடு. வெளியூர்க்காரர் தாமாகப் படகிறக்குவது முறையன்று. ஆகவே முதலிற் கடற்றொழிலாளர் சங்கத்தாரிடம் சொல்லி, அவர்கள் வழியே கடற்படைக் காவலரணிலும் பெயர் கொடுத்தோம். ஆதாம் பாலத்து மணல் திட்டுகளுக்குப் போகலாகாது என்று இரு இடத்திலும் எச்சரித்தார்கள். அவை 2015 இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. நாம் போகவும் எண்ணியிருக்கவில்லை. வரைபடத்தில் தனுஷ்கோடி ஒரு விரற்கடை தள்ளித்தான் இருக்கிறது. ஏறத்தாழ 30 கிலோமீற்றர். கயாக்கில் அது எவ்வளவு என்பதை மறுநாள் அறிந்துகொண்டோம்.

எமக்குத் துணையாக வந்தவர் எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர். சிறு வயதிலிருந்தே கடல் தொழில். கண்ணாடி இழைப் படகு ஒன்றும், அதே பொருளில் வார்த்த சிறு தெப்பம் ஒன்றும் அவருக்குச் சொந்தம். மணலில் இறக்கி வைத்த கயாக்கை நெடுநேரம் பார்த்தார்.

"இது என்ன தம்பி, பிள்ளை குளிக்கிற தொட்டியோ?"

"இல்லை ஐயா, மீன் பிடிக்கிற படகு."

"எவ்வளவு?"

நண்பர் விலையைச் சொன்னார். பெரியவர் மறுமொழி சொல்லவில்லை. அந்தப் பணத்துக்குத் தாம் என்னென்ன வாங்கலாம் என்று அவர் கணக்கிட்டுக்கொண்டிருந்தார் என்று எமக்குத் தோன்றிற்று.

சனிக்கிழமை விடியுமுன் இறங்கினோம். உயிர்காப்பு அங்கி அணிந்துகொண்டோம், பெரியவர் அணியவில்லை. முன்னே அவருடைய தெப்பம், பின்னே நாம். முதல் அரை மணி நேரத்தில் எமது தோள்கள் எம்மோடு பேசத் தொடங்கிவிட்டன. ஆற்றில் துடுப்பு வலிப்பது வேறு, கடலில் வலிப்பது வேறு. ஆற்றுக்கு ஒரே திசை. கடலில் காற்று ஒரு பக்கம் இழுக்கும், நீரோட்டம் மறுபக்கம் இழுக்கும். நடுவில் நாம் நேராகப் போவதாக எண்ணிக்கொண்டு வில்லாக வளைந்து போவோம். தலையைத் திருப்பிப் பார்த்தபோது கரை காணவில்லை. பனைகளின் தலைகள் மட்டும் நீரில் மிதந்தன. இதற்குக் காரணம் கணிதம்தான். நீர்மட்டத்திலிருந்து கண் ஒரு மீற்றர் உயரத்தில் இருந்தால் அடிவானம் ஏறத்தாழ 3½ கிலோமீற்றர் தூரம்தான். மலையுச்சியில் நின்று பல காத தூரம் பார்த்துப் பழகிய எமக்கு, உலகம் ஒரு தட்டளவாகச் சுருங்கிவிட்டது போலிருந்தது. இந்த நீருக்குள் தூரம் என்றால் கையின் வலிமைதான், வேறொன்றுமில்லை.

பெரியவர் ஓரிடத்தில் நிறுத்தினார். எமக்கு எல்லா இடமும் ஒரே நீர். அவருக்கு அங்கே அடியில் கற்பார் இருப்பது தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்டோம். கரையில் ஒரு தனிப்பனையும் அதன் பின்னே தேவாலயக் கோபுரமும் ஒன்றன்பின் ஒன்றாக நேர்கோட்டில் வரவேண்டும். அதே சமயம் மேற்கே ஒரு தென்னங் கூட்டமும் அதற்கப்பால் ஒரு காற்றாலைத் தூணும் நேர்கோட்டில் வரவேண்டும். இரண்டும் சேர்ந்து வரும் இடம் கடலில் ஒன்றே ஒன்றுதான். இரு நேர்கோடுகள் ஒரு புள்ளியில் மட்டுமே வெட்டிக்கொள்ளும் என்று வகுப்பிற் கேத்திரகணிதம் நடத்தும் ஆசிரியர்கள் ஒருமுறை மன்னாருக்கு வந்து போகலாம். காற்றாலைகள் 2020 இறுதியில் இயங்கத் தொடங்கியவை. தென்கரையோரம் 30 நிற்கின்றன. "அப்பர் காலத்தில் அந்த இடத்துக்குப் பெரிய பனை ஒன்று குறி. அது விழுந்த பிறகு குறியில்லாமல் இருந்தேன். இப்போது இவர்கள் நட்டுத் தந்திருக்கிறார்கள்" என்றார் பெரியவர். காற்றாலைகளைப் பற்றி அங்குள்ளோர்க்குக் குறைகள் பல உண்டு. இந்தப் பயன் எந்த அறிக்கையிலும் வந்திராது.

ஆழம் அளந்தார். அளவுகோல் அவருடைய கைகளே. இரு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம். ஏறத்தாழ 6 அடி. ஈயக்குண்டு கட்டிய கயிற்றைப் பாகம் பாகமாக இறக்கி, இரண்டரைப் பாகம் என்றார். பாக்கு நீரிணை ஆழமற்ற கடல். நடுவிலேயே ஏழு பாகத்துக்கு மேற்பட்ட ஆழம் அருமை. ஆழமின்மையால் வெயில் அடிவரை சென்று கடற்புல்லை வளர்க்கிறது; புல்லின் நடுவே மீன் குஞ்சுகள் வளர்கின்றன; ஆவுளியா என்னும் கடற்பசு மேய்கிறது. ஒரு வயல் எப்படி வயலோ, அப்படியே அது.

இறாலை இரையாகக் கோத்துத் தூண்டிலை இறக்கினோம். முதலில் அகப்பட்டது பேத்தை. மேலே வந்ததும் பந்து போல் ஊதிக்கொண்டு எம்மை முறைத்தது. உண்டால் உயிரைக் குடிக்கும் நஞ்சு அதற்கு, கழற்றி விட்டுவிட்டோம். அடுத்தது கெளிறு. பெரியவர் தூரத்திலிருந்தே, "கை வைக்காதேங்கோ, வாத்தியார்!" என்று கத்தினார். முதுகிலும் பக்கத்திலும் உள்ள முள் குத்தினால் நாள் முழுதும் கடுக்குமாம். துணியாற் சுற்றிப் பிடித்து எடுக்கச் சொல்லிக்கொடுத்தார். அதன்பிறகு ஒரு மணி நேரம் ஒன்றுமில்லை. வெயில் ஏறியது. பேசவும் தோன்றவில்லை. நூலை விரலில் தாங்கி, அடியில் நடப்பதை விரல் நுனியாற் கேட்டுக்கொண்டிருப்பது ஒருவகைத் தியானம் என்றே சொல்லவேண்டும். தேவாரம் ஓதிப் பழகிய எமக்கும் அவ்வளவு ஒருமைப்பாடு எளிதில் வாய்ப்பதில்லை.

திடீரென்று நண்பரின் நூல் வலித்தது. விளைமீன். வெள்ளி உடலில் மெல்லிய மஞ்சள் சாயல். முக்கால் கிலோ இருக்கும். தொடர்ந்து இரண்டு அகப்பட்டன. அவற்றுள் சிறியதை நண்பர் திரும்ப விட்டார். பெரியவர் பார்த்துக்கொண்டிருந்தார். அது சரி என்பதுபோல் ஒருமுறை தலையசைத்தார். பத்து மணிக்குக் காற்று எழுவதற்குள் கரை திரும்பினோம். முழுக் காலைப் பொழுதுக்கும் எம் இருவர் பங்கு இரண்டு விளைமீனும் ஒரு கெளிறும். எரிபொருட் செலவைக் கூட்டி, வங்கிக்காரராகிய நண்பர் ஒரு மீனின் விலையைக் கணக்கிட்டுச் சொன்னார்; அதை இங்கே எழுத எமது மனையாட்டி சம்மதிக்க மாட்டார்.

பெரியவர் அன்று தெப்பத்தில் வந்தது எமக்காக மட்டும் என்று எண்ணியிருந்தோம். அப்படியல்ல. என்ஜின் படகு வாங்கியபின் தெப்பத்தை மணலில் கவிழ்த்துப் போட்டிருந்தாராம். 2022 ஆகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவாக உயர்ந்தது. அதற்கு முந்திய மாதங்களிற் பணம் கொடுத்தாலும் கிடைக்கவில்லை. அக்காலத்திற் கரையோடு கட்டிக் கிடந்த படகைப் பார்த்துக்கொண்டிருக்க மனமின்றி, துடுப்பை மறுபடி எடுத்தவர் இன்னும் வைக்கவில்லை. "துடுப்பு எட்டுகிற தூரத்தில் மீன் இருந்தது தம்பி. முந்தி நிறைய இருந்தது" என்றார்.

மத்தியானம் அவர் வீட்டு முற்றத்துப் பூவரச மர நிழலில், விளைமீன் குழம்பும் அவருடைய வலையிற் பிடிபட்ட ஓரா மீன் பொரியலுமாகச் சாப்பிட்டோம். அப்போதுதான் அந்த 'முந்தி'க்குப் பொருள் கேட்டோம்.

இழுவைப் படகு என்பதை மாணவர்கள் அறிந்திருத்தல் வேண்டும். பையைப் போன்ற பெரிய மடியை, அதன் வாய் அகலத் திறந்திருக்கும்படி இருபுறமும் பலகை கட்டி, கனமான அடிக்கயிறு கடலின் தரையைத் தடவிச் செல்லும்படி என்ஜின் வலிமையால் இழுப்பார்கள். வேண்டிய மீன், வேண்டாத மீன், குஞ்சு, புல், சிப்பி எல்லாம் ஒருங்கே வரும். வயலில் நெல்லறுப்பதற்குப் பதிலாக வயலையே சுருட்டி எடுப்பது போன்றது. தமிழ்நாட்டுக் கரையில் 1960 களிலிருந்து அரசுகளின் ஊக்கத்தோடு பெருகிய தொழில் இது. 1974 இலும் 1976 இலும் இரு நாடுகளும் கடலெல்லையை வகுத்துக்கொண்டன. பின்னர் போர் மூண்டு, 2009 வரை வடபகுதித் தொழிலாளர் கடலுக்குப் போவதற்கே தடைகள் மிகுந்திருந்தன. வெறுமையாகக் கிடந்த நீரில் மறுகரைப் படகுகள் தொழில் செய்து பழகிவிட்டன. இலங்கை 2017 இல் இழுவைமடித் தொழிலைச் சட்டத்தாற் தடைசெய்தது. அச்சட்டம் நம் கரையிலுள்ள இழுவைப் படகுகளுக்கும் உரியதே. அவையும் உண்டு என்பதை மறைப்பது நேர்மையன்று.

இதில் நெஞ்சை உறுத்தும் விஷயம் இரு கரையிலும் இருப்பவர் ஒரே மொழி பேசுபவர் என்பது. பெரியவர் இரவில் விரித்த வலையை இழுவைப் படகு அறுத்துச் சென்ற கதைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னார். கடன்பட்டு வாங்கிய வலை. அறுத்துக்கொண்டு போகிறவன் படகிலிருந்து வரும் வானொலிப் பாட்டு இவருக்கும் பாடமான பாட்டு. அந்தப் படகில் கூலிக்கு நிற்பவனும் ஏழை. முதலாளி வேறெங்கோ இருக்கிறான். பெரியவர் இதையும் தாமே சொன்னார். நாம் சொல்லிக் கொடுக்கவில்லை. சிறைபிடிக்கப்பட்ட இராமேசுவரத்துப் பையன்களின் தாய்மார் படும் பாட்டைத் தொலைக்காட்சியிற் பார்த்தால் தம் மனைவி சேனலை மாற்றிவிடுவாள் என்றார். ஆயினும் நம் கருத்தை மறைப்பானேன்? அடியைச் சுரண்டும் மடி எந்தக் கரையிலிருந்து வந்தாலும் அது தொழிலாகாது. ஏழைமையைக் காட்டி அதற்குச் சமாதானம் சொல்வோர், வலையை இழந்த ஏழையையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் பேசவேண்டும்.

"இப்போது வருகிறார்களா?" என்று நண்பர் கேட்டார்.

"இப்போது வரமாட்டார்கள். அவர்களுக்குத் தடைக்காலம்."

தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் மீன்கள் பெருகுவதற்காக ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குச் செல்வது தடை. 2017 க்கு முன் 45 நாளாக இருந்ததை அவ்வாண்டில் 61 நாளாக நீட்டினார்கள். அந்தக் கரையின் மீன் வளத்தைக் கருதிச் செய்த ஏற்பாடு, இந்தக் கரையில் ஒரு முதியவருக்கு அச்சமின்றி வலை விரித்துவிட்டு உறங்கும் இரவுகளைக் கொடுத்திருக்கிறது.

வெயில் தாழ்ந்தபின் தலைமன்னார்ப் பழைய இறங்குதுறைப் பக்கம் போனோம். நண்பர் பெரியவரிடம், அந்நாளில் தோட்டத்துக்கு வந்தவர்கள் சரியாக எந்த இடத்தில் இறங்கினார்கள் என்று கேட்டார். தோளிற் கமராவைத் தயாராக வைத்திருந்தார்.

"பாய்த் தோணி தம்பி. காற்று எங்கே கொண்டுவந்து விட்டதோ அங்கே."

நண்பர் கமராவை மூடிவிட்டார். கரையோரமாகச் சற்றுத் தூரம் தனியே நடந்து போனார். நாம் கூடப் போகவில்லை.

துறைக்குத் திரும்பியபோது பெரியவர் கயாக்கைத் தாம் ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டார். ஏறி உட்கார்ந்து, இரட்டை அலகுத் துடுப்பைக் கையில் எடை பார்த்து, முதல் நான்கு வலிப்பிலேயே அதன் சூக்குமத்தைப் பிடித்துக்கொண்டார். எமக்கு அரை மணி எடுத்த தூரத்தை அதிற் பாதி நேரத்திற் போய்த் திரும்பினார்.

"ஓட்டம் நல்லது" என்றார் இறங்கிக்கொண்டே. "வலை வைக்க இடமில்லையே. ஓர் ஆளின் சோற்றுக்குப் பிடிக்கலாம். ஒரு குடும்பத்துக்குப் பிடிக்க ஏலாது."

கயாக்கை நாம் மறுபடி கூரைமேல் ஏற்றிக் கட்டிக்கொண்டிருந்தபோது, அவர் வலையை உதறிப் படகில் அடுக்கத் தொடங்கியிருந்தார். அடுக்கிக்கொண்டே ஜூன் 14 வரை எத்தனை இரவு என்று விரல்விட்டு எண்ணினார். அன்றைய இரவையும் சேர்த்து ஐம்பத்தாறு.